ஆற்றுக்குப் போகாத உப்பு எங்கே போகிறது?

வாசகர் கேள்வி – ஜூன் 2

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். எங்களிடம் ஆடை வாங்கும் வெளிநாட்டு பையர் ஒரு படிவம் அனுப்பியிருக்கிறார். எங்கள் தொழில் எந்த இயற்கை வளங்களை நம்பி நடக்கிறது, அவற்றுக்கு என்ன பாதிப்பு தருகிறது, அதனால் எங்களுக்கு என்ன ஆபத்து வரலாம், எப்படிச் சமாளிக்கிறோம் என்று பத்துப் பக்கம் கேட்கிறார்கள். மேலாளர், "நம்மதான் சொட்டுக் கழிவும் வெளியே விடறதில்லையே, பூஜ்ஜியம்னு போட்டு முடி" என்கிறார். போட்டுவிடலாமா?

ஜூன் 2, இரவு 10.40

போடாதீர்கள் தம்பி.

பதினெட்டு வருஷமாகச் சாயத் தண்ணீரோடு இருக்கிறேன். முதலில் பட்டறை லேபில், இப்போது சுத்திகரிப்பு நிலையத்தில். என் அப்பாருக்கு, சாயக்கழிவு ஓடிவந்த நொய்யல் ஆற்றின் கீழ்ப்பக்கம், ஒரத்துப்பாளையம் அணைக்குப் பக்கத்தில் தோட்டம். அதனால் இரண்டு பக்கமும் நின்று பார்த்தவன்.

உங்கள் மேலாளர் சொல்லும் பூஜ்ஜியம், குழாய் வழியாகத் தண்ணீர் வெளியே போகவில்லை என்பதற்கான பூஜ்ஜியம். படிவம் கேட்பது அதைவிடப் பெரிய கேள்வி. 2023 செப்டம்பரில் டி.என்.எஃப்.டி. என்ற சர்வதேசக் குழு, இயற்கையோடு தங்களுக்குள்ள தொடர்பு பற்றி 14 விவரங்களை நிறுவனங்கள் வெளியிட வேண்டும் என்று பரிந்துரை கொடுத்தது. பையர்கள் அனுப்பும் இந்த மாதிரிப் படிவங்கள் பலவற்றுக்கும் அதுதான் தாய். அதில் முதல் படியே இடம். உங்கள் வேலை எந்த ஆற்றுப்படுகையில் நடக்கிறது, பக்கத்தில் என்ன இருக்கிறது என்று வரைபடத்தில் புள்ளி வைக்கச் சொல்லும். அதற்கப்புறம்தான் எதை நம்பியிருக்கிறோம், என்ன கெடுக்கிறோம் என்ற கணக்கு.

முதலில் ஒன்று சொல்லுங்கள். துணிக்குச் சாயம் உங்கள் நிறுவனமே போடுகிறதா, வெளிப் பட்டறைக்கு ஜாப் ஒர்க் கொடுக்கிறீர்களா?

ஜூன் 3, காலை

ஜாப் ஒர்க் என்று பதில் வந்திருக்கிறது. அப்படியானால் இது பெரிய கதை. சாயங்காலம் எழுதுகிறேன்.

ஜூன் 3, இரவு 9.15

"ஆபத்து" என்ற சொல்லைப் பார்த்ததும் நூல் விலை, டாலர் மதிப்பு, மின்வெட்டு, இதெல்லாம்தான் நம்மூர் முதலாளிகளுக்கு நினைவுக்கு வரும். 2010 வரை யாருடைய பட்டியலிலும் நம்மூர் வழியாக ஓடும் நொய்யல் இல்லை. இத்தனைக்கும் வழக்கு நடந்துகொண்டிருந்தது.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். கீழ்ப்பக்கத்து விவசாயிகள், நொய்யல் ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம், சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். 2006 டிசம்பரில் தீர்ப்பு: சாயக்கழிவு சொட்டுக்கூட வெளியேறக் கூடாது, அந்த ஏற்பாடு முடியும்வரை லிட்டருக்கு இத்தனை பைசா அபராதம் கட்டு. 2007 ஜனவரியில் 6 பைசா, பிறகு 8, பிறகு 10. பட்டறைக்காரர்கள் மேல்முறையீடு போனார்கள். 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. நிலையங்கள் கட்டினார்கள், கடன் வாங்கினார்கள், ஆனால் பாதிதான் வேலை செய்தது. 2011 ஜனவரி 28 அன்று எல்லாச் சாய, சலவைப் பட்டறைகளையும் மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. எழுநூறுக்கு மேற்பட்ட பட்டறைகள். கரண்ட்டையும் பிடுங்கினார்கள்.

அப்போது நான் லேபில் இருந்தேன். எங்கள் வாசலில் டீக்கடை வைத்திருந்த அக்கா தினமும் நூற்றைம்பது டீ போடுவார். இரண்டாவது வாரத்தில் இருபதுகூடப் போகவில்லை. ஒரு மாசத்தில் பாய்லரை வண்டியில் ஏற்றிக்கொண்டு வெள்ளகோவில் போய்விட்டார். சாய மாஸ்டர் ஒருவர் பெண்ணுக்குக் கல்யாணத் தேதி வைத்திருந்தார், தள்ளிப் போட்டார். பையர்கள் ஆர்டரை வேறு ஊருக்கு மாற்றினார்கள், பலது திரும்பி வரவே இல்லை.

இயற்கைக்குச் செய்த கேடு நிறுவனத்துக்கு ஆபத்தாகத் திரும்பி வருவது எப்படி என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். ஆறு நேராக வந்து யாரையும் அடிக்கவில்லை. ஆற்றை நம்பியிருந்தவர்கள் நீதிமன்றம் போனார்கள், இருபது வருஷ மெத்தனம் ஒரே நாளில் பில்லாக வந்தது.

ஜூன் 4

ஒருவர் கேட்டிருக்கிறார்: "சாயத்தைத்தான் வடிகட்டிவிடலாமே, ஏன் இவ்வளவு செலவு?"

சாயம் கண்ணுக்குத் தெரியும், அதனால் எல்லோரும் அதையே பேசுகிறோம். ஆற்றைக் கெடுத்தது அதைவிட உப்பு. பருத்தித் துணியில் சாயம் ஏற வேண்டுமானால் உப்புப் போட்டாக வேண்டும். துணியும் சாயமும் தண்ணீருக்குள் ஒன்றையொன்று தள்ளும், நடுவில் உப்பு நின்று அந்தத் தள்ளலைக் குறைக்கும், சாயம் நூலோடு ஒட்டும். வேலை முடிந்ததும் போட்ட உப்பு அத்தனையும் தண்ணீரிலேயே இருக்கும். துணி ஒரு சிட்டிகையும் எடுத்துக்கொள்ளாது. கடும் கலருக்கு ஒரு கிலோ துணிக்கு ஒரு கிலோ உப்பு.

பாக்டீரியா உப்பைத் தின்னாது. சுண்ணாம்பு போட்டால் அடியில் படியாது. 1990களில் கட்டிய பழைய நிலையங்களில் நிறம் போகும், நாற்றம் போகும், பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும். வாயில் வைத்தால் கடல். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரம்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் கரைந்த திடப்பொருள் (டி.டி.எஸ்.). சாயத்தொட்டித் தண்ணீர் அதைப் பல மடங்கு தாண்டியே இருக்கும்.

ஜூன் 4, மதியம்

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். "கிலோ துணிக்குக் கிலோ உப்பு" என்பது பழைய விஞ்ச் மெஷின் கணக்கு. ஒரு டையிங் மாஸ்டர் தனியாகச் செய்தி அனுப்பிச் சரியாகக் கேட்டார். நான்தான் பழைய நினைவில் எழுதிவிட்டேன்.

விஞ்ச்சில் ஒரு கிலோ துணிக்கு 20 லிட்டர் தண்ணீர், லிட்டருக்கு 50 கிராம் உப்பு, ஆக ஒரு கிலோ. இப்போது சாஃப்ட் ஃப்ளோ மெஷினில் ஒரு கிலோவுக்கு 7 லிட்டர் போதும், லிட்டருக்கு 60 கிராம் போட்டாலும் 420 கிராம்தான். இளங்கலருக்கு அதிலும் பாதி. ஒரு நேவி புளூ டி-ஷர்ட் 180 கிராம் என்றால் அதற்கு 75 கிராம் உப்பு. அடுத்தமுறை கையில் எடுக்கும்போது எண்ணிப் பாருங்கள், சின்ன டம்ளர் நிறைய வரும்.

ஆனால் இந்தத் திருத்தம் என் வாதத்தைக் குறைக்கவில்லை. ஒரு நாளைக்குப் பத்து டன் கடும் கலர் ஓட்டும் பட்டறை இன்றும் நாலு டன் உப்பு போடுகிறது. மெஷின் மாற்றியதில்தான் பாதி உப்பு மிச்சமாகியிருக்கிறது என்பதையும் கவனியுங்கள். கழிவைச் சுத்தம் செய்வதைவிட முதலிலேயே குறைவாகப் போடுவது மலிவு. படிவத்தில் "எப்படிச் சமாளிக்கிறீர்கள்" என்ற இடத்தில் எழுத வேண்டிய முதல் வரி அதுதான்.

ஜூன் 6, இரவு

தலைப்புக் கேள்விக்கு வருகிறேன். ஆற்றுக்குப் போகாத உப்பு எங்கே போகிறது?

எங்கள் நிலையத்தில் நடப்பது இது. பட்டறைகளிலிருந்து குழாயில் வரும் தண்ணீர் முதலில் பெரிய தொட்டியில் கலக்கும். பாக்டீரியாத் தொட்டி, நிறம் எடுக்கும் வேலை, நுண்வடிகட்டி, பிறகு உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. சவ்வு மூன்று நாலு கட்டம். 100 லிட்டரில் 85 முதல் 90 லிட்டர் நல்ல தண்ணீராகப் பட்டறைக்கே திரும்பும். மிச்சம் இருப்பதை ரிஜெக்ட் என்போம், கெட்டியான உப்புத் தண்ணீர். அதை எவாப்பரேட்டரில் சுண்டவைத்து, குளிரவைத்து, சாயத்துக்குப் பயன்படும் கிளாபர் உப்பைப் பிரித்தெடுத்துப் பட்டறைக்கே விற்கிறோம். சில நிலையங்களில் அந்த உப்புத் தண்ணீரையே சுத்தப்படுத்தி நேராகச் சாயத்துக்குத் திருப்புகிறார்கள். அருள்புரம் நிலையத்தில் அதைச் செய்து காட்டிய பிறகுதான் எல்லோருக்கும் நம்பிக்கை வந்தது. இதெல்லாம் உண்மையான சாதனை. நான் குறைத்துப் பேச மாட்டேன். ஒரு ஊரே சேர்ந்து இந்த அளவு கழிவுநீரைத் திருப்பிப் பயன்படுத்துவது சாதாரண வேலை இல்லை.

ஆனால் கடைசியில் ஒன்று மிஞ்சும். கலப்பு உப்பு. இரண்டு மூன்று வகை உப்பும், தண்ணீரைக் கடினமாக்கும் தாதுக்களும், சாயத்தின் மிச்சமும் சேர்ந்த பழுப்புக் கட்டி. அதை யாரும் வாங்க மாட்டார்கள். மூட்டை கட்டிக் குடோனில் அடுக்குகிறோம்.

நேற்றுப் போய் நின்றேன். தகரக் கூரை, சிமென்ட் தரை, அதன்மேல் கனத்த பிளாஸ்டிக் விரிப்பு. மூட்டைகள் கூரை உத்தரத்தைத் தொடுகின்றன. கீழ்வரிசை மூட்டைகளில் காற்றின் ஈரம் ஏறி, தையல் ஓரமாகத் தேன் நிறத்தில் கசிந்து, சுவரோர வாய்க்காலில் இறங்கிச் சின்னக் குழியில் தேங்கியிருக்கிறது. குழித் தண்ணீரைத் தினம் அள்ளித் திரும்ப எவாப்பரேட்டரில் ஊற்ற ஒரு ஆள். வாசல் இரும்புக் கதவின் கீழ் ஒரு சாண் துரு தின்று உதிர்ந்துவிட்டது, இரண்டு வருஷத்தில் இரண்டாம் கதவு.

"பூஜ்ஜியம்" என்று படிவத்தில் போட்டால் இந்தக் குடோன் எங்கே எழுதப்படும்?

ஜூன் 7

ஸ்லட்ஜ், அதாவது சுத்திகரிப்பில் அடியில் படியும் சேறு, என்னாகிறது என்று இருவர் கேட்டிருந்தார்கள். சிமென்ட் ஆலைகளுக்குப் போகிறது, சூளையில் எரிப்பார்கள். அது ஓரளவு வழிக்கு வந்துவிட்டது. உப்புக்குத்தான் வழி பிறக்கவில்லை.

ஜூன் 9, இரவு 11.30

நேற்று எழுதியவர் ஒருவர், "இப்ப ஆத்துல தண்ணி நல்லாத்தானே வருது, பழசையே கிளறாதீங்க" என்றார். கோபத்தோடு எழுதியிருந்தார், அவருக்கும் பட்டறை இருக்கும் என்று நினைக்கிறேன். அவருக்காக எங்கள் தோட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

ஒரத்துப்பாளையம் அணை 1990களின் தொடக்கத்தில் பாசனத்துக்கென்று கட்டியது. அணை வந்தால் மூன்று போகம் என்று அப்பாரு ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாராம். தண்ணீர் தேங்கியது, தேங்கியது சாயத் தண்ணீர். அணைக்குள் நின்ற தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிச் சுற்றுக் கிணறுகளுக்கு வந்தது. 1997இல் அதைத் திறந்துவிட்டபோது காவிரி வரை போய்ப் பெரிய பிரச்சினை ஆனது. எந்த அணையிலும் தண்ணீர் விடு என்றுதான் விவசாயி போராடுவான். தண்ணீர் விடாதே என்று போராடிய ஊர் எங்களுடையது.

எனக்கு அப்போது பத்துப் பன்னிரண்டு வயசு. விருந்தாளி வந்தார் என்று அப்பாரு இளநீர் வெட்டினார். வந்தவர் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தை மாற்றாமல் இருக்கப் பாடுபட்டார். இளநீரே உப்பு. அப்பாரு வாங்கிக் குடித்துப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை, வெட்டிய மீதிக் காய்களை மாட்டுத் தொட்டிப் பக்கம் போட்டார். அதற்குப் பிறகு அவர் யாருக்கும் இளநீர் வெட்டியதை நான் பார்க்கவில்லை.

இப்போது அணையில் தண்ணீர் தேக்குவதில்லை, வருவது ஓடிவிடும். மேலே ஓடும் தண்ணீர் முன்னைக்கு நிஜமாகவே பரவாயில்லை, அந்த நண்பர் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். கிணறுதான் தேறவில்லை. எங்கள் கிணற்றில் போன மாசம் டி.டி.எஸ். மீட்டர் வைத்தேன், லிட்டருக்கு 3,150 மில்லிகிராம். குடிதண்ணீருக்கு நல்ல அளவு 500, வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை. நல்ல மழைக்குப் பிறகு 2,400 வரை இறங்கும், சித்திரையில் திரும்ப ஏறும். மண்ணில் இறங்கியது அங்கேயே இருக்கிறது. குழாயை மூடியது 2011இல். கிணறு இன்னும் 1997இல் இருக்கிறது.

ஜூன் 10

உங்கள் ஜாப் ஒர்க் விஷயம், தம்பி. மறக்கவில்லை.

பங்குச் சந்தையில் உள்ள, சந்தை மதிப்பில் முதல் 1,000 நிறுவனங்கள், சந்தையை ஒழுங்குபடுத்தும் செபிக்கு, சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு பற்றிய பி.ஆர்.எஸ்.ஆர். அறிக்கை கொடுத்தாக வேண்டும், 2022-23 முதல் கட்டாயம். எவ்வளவு தண்ணீர், எந்த மூலத்திலிருந்து எடுத்தீர்கள், எங்கே விட்டீர்கள், கழிவுநீர் வெளியேற்றமில்லாத ஏற்பாடு உண்டா என்றெல்லாம் அதில் கேள்வி இருக்கிறது. நல்ல கேள்விகள். ஆனால் ஒரு பெரிய ஆயத்த ஆடை நிறுவனம் துணி வெட்டித் தைப்பது மட்டும் தன் கூரைக்குள் வைத்துக்கொண்டு, சாயத்தை வெளியே ஜாப் ஒர்க் கொடுத்தால், அதன் கணக்கில் வரும் தண்ணீர் கேன்டீனும் கழிப்பறையும்தான். ஆற்றைத் தொடும் வேலை முழுக்க பெயரில்லாத, பட்டியலில் இல்லாத பட்டறைக்குள் நடக்கும். கேட்டுக்கு உள்ளே கணக்கு சுத்தம்.

உங்கள் நிறுவனத்துக்கும் அதே நிலைமைதான். சாயம் போடுகிறவரிடம் மூன்று எண் கேளுங்கள்: கிலோ துணிக்கு எத்தனை லிட்டர், எத்தனை கிராம் உப்பு, அவர் சேர்ந்த பொது நிலையத்தின் குடோனில் எத்தனை டன் கலப்பு உப்பு. முதல் இரண்டையும் போனிலேயே சொல்வார். மூன்றாவதற்கு நிலையத்திடம் கேட்க வேண்டும், யோசிப்பார்கள். விடாதீர்கள்.

ஜூன் 13

இரண்டு நாள் யோசித்ததில் ஒன்று உறுத்துகிறது. நான் எழுதியதைப் படித்தால் எவாப்பரேட்டர் போட்டதும் ஆறு பிழைத்தது, உப்புதான் பாக்கி என்று தோன்றும். அந்த எவாப்பரேட்டருக்கு நீராவி வேண்டும். நீராவிக்கு பாய்லர், பாய்லருக்கு விறகு. காலையில் எங்கள் ரோட்டில் வேலிக்காத்தான் (சீமைக்கருவேல) விறகு ஏற்றிய லாரிகள் வரிசையாக நிற்கும். வேலிக்காத்தான் தீர்ந்தால் என்ன மரம் வருகிறது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை, கேட்டிருக்க வேண்டும். தண்ணீரில் இருந்த பாரத்தைக் காற்றுக்கும் மரத்துக்கும் மாற்றி வைத்திருக்கிறோம்.

இன்னொன்று. 2011இல் மூடியபோது சிலர் கட்டுப்பாடு குறைந்த ஊர்களுக்கு இரவோடு இரவாகச் சின்ன பட்டறைகளைக் கொண்டுபோனார்கள். இங்கே ஆறு தப்பித்த அதே மாசத்தில் வேறொரு வாய்க்கால் நிறம் மாறியது. தீர்ப்பு தவறு என்று சொல்லவில்லை. அந்தத் தீர்ப்பு இல்லாமல் ஒரு எவாப்பரேட்டரும் வந்திருக்காது, நான் முழுக்க அந்த விவசாயிகள் பக்கம். ஆனால் ஒரு நிறுவனம் "எங்கள் பாதிப்பு குறைந்தது" என்று எழுதும்போது, குறைந்ததா இடம் மாறியதா என்று கேட்டே ஆக வேண்டும்.

ஜூன் 14

கொஞ்சம் நல்ல சேதி. நஞ்சராயன் குளம் தெரியுமா? நொய்யலில் சேரும் நல்லாற்றின் மேல் இருக்கும் குளம், திருப்பூர் ஊரை ஒட்டியே. 2022இல் பறவைகள் சரணாலயம் ஆக்கினார்கள், 2024 ஆகஸ்டில் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. குளிர்காலத்தில் வரித்தலை வாத்து வரும். இமயமலையைத் தாண்டி வருகிற பறவை. போன ஜனவரியில் என் பெண்ணைக் கூட்டிப் போனேன், பைனாகுலரைக் கையிலிருந்து கொடுக்கவே மாட்டேன் என்றாள்.

சொல்ல வந்தது இதுதான். படிவத்தின் முதல் படி இடம் என்றேன் அல்லவா. உங்கள் தையல் யூனிட்டும் சாயப் பட்டறையும் நிலையமும் அந்தக் குளத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று போனிலேயே அளந்து எழுதுங்கள். ஐந்து நிமிஷ வேலை.

ஜூன் 17, இரவு

படிவம் அனுப்பிவிட்டேன் என்று தம்பி எழுதியிருக்கிறார். பூஜ்ஜியம் போடவில்லை. கழிவுநீர்: இல்லை. கலப்பு உப்பு: ஜாப் ஒர்க் பட்டறையின் பங்கு இவ்வளவு டன், குடோனில் உள்ளது, தீர்வு இல்லை. விறகு: விசாரித்துக்கொண்டிருக்கிறோம். மேலாளர் முதலில் கையெழுத்துப் போட மறுத்தாராம். "2011 மாதிரி இன்னொரு தடவை வந்தா, இந்தக் காகிதம்தான் நம்மகிட்ட இருக்கும்"னு தம்பி சொன்ன பிறகு போட்டாராம். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு.

பையர் என்ன செய்வார்? விலையில் பத்துக் காசு கூட்டித் தருவாரா? அது தெரிந்த பிறகு எழுதுங்கள், அதையும் இங்கே பேச வேண்டும். சுத்திகரிப்புச் செலவு முழுவதையும் பட்டறை சுமக்க, லேபிளில் மட்டும் பசுமை இலை போட்டுக்கொள்வது நியாயமில்லை.

ஜூன் 20

நொய்யல் பிறக்கும் வெள்ளியங்கிரி மலையில் மூன்று நாளாக நல்ல மழை. ஆற்றில் புதுத் தண்ணீர் இறங்கிவிட்டது என்று கோயம்புத்தூர் நண்பர் சொன்னார்.

படிவத்தில் ஒரு கட்டம் காலியாகவே போயிருக்கிறது: கீழ்ப்பக்கத்தில் நிலத்தடி நீரின் இன்றைய நிலை. பட்டறையிலும் அந்த எண் இல்லை, எங்கள் நிலையத்திலும் இல்லை. என் நோட்டில் ஒன்பது கிணற்றின் கணக்கு நாலு வருஷத்துக்கு இருக்கிறது, மாசம் ஒரு தடவை, என் கையெழுத்தில். ஒன்பது போதாது. அணைக்கு மேலே பத்து, கீழே பத்துக் கிணறாவது வேண்டும்.

வருகிற ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கிளம்புகிறேன். தம்பி வருவதாகச் சொல்லியிருக்கிறார், கோபமாக எழுதிய பட்டறை நண்பரும் வரலாமா என்று கேட்டிருக்கிறார். டி.டி.எஸ். மீட்டர் என்னிடம் ஒன்றுதான். வைத்திருக்கிறவர்கள் எடுத்து வாருங்கள், கூடவே கழுவிக் காயவைத்த அரை லிட்டர் பாட்டில் ஆளுக்கு நாலு.